ஒரு வீட்டைக் காத்த சட்டம்

லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியவற்றுள் இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழாமல் போகாது. முதலாவது, இங்கிலாந்து வங்கி. 1788 முதல் 1833 வரை 45 ஆண்டுகள் அதன் கட்டடப் பொறுப்பை ஏற்று, மண்டபம் மண்டபமாக அதை வளர்த்தெடுத்தவர் அவர். அன்றைய உலகின் பெரும் பணப்புழக்கம் அந்தச் சுவர்களுக்குள் நடந்தது. இரண்டாவது, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற சதுக்கத்தின் வடக்கு வரிசையில் 13-ஆம் எண் வீடு. இருபுறமும் அண்டை வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு நகர வீடு, அவ்வளவுதான். இன்று வங்கியில் சோனுடையதாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வெளிமதில். 1925-இல் தொடங்கி 1939 வரை நடந்த மறுகட்டுமானத்தில் உள்மண்டபங்கள் இடிக்கப்பட்டன. அந்தப் பணிக்குத் திட்டம் வரைந்தவர், புதுதில்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர். லண்டன் மாநகர்ப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டு செய்த மிகப் பெரிய கட்டடக் குற்றம் இதுவே என்று வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் தீர்ப்பளித்தார். அந்தச் சிறிய வீடோ, சோன் 1837-இல் கண்மூடியபோது இருந்த கோலத்தைப் பெரிதும் காத்தபடி இன்றும் நிற்கிறது. பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் அது முதல் தரத்தில் இருக்கிறது. அருங்காட்சியகமாக விளங்கும் அதற்குள் வருவோர் கட்டணமின்றிப் போகலாம்.

பணமும் பரப்பும் செல்வாக்கும் கொண்டது அழிந்து, ஒரு தனிமனிதரின் வீடு பிழைத்தது எப்படி? கல்லின் உறுதி காரணமாக இருக்க முடியாது. வங்கியின் சுவர்கள் வீட்டின் சுவர்களைவிடப் பன்மடங்கு தடித்தவை. புகழும் காரணமில்லை, சோன் வாழ்ந்த காலத்தில் அவருடைய தலைசிறந்த படைப்பாகப் பேசப்பட்டது வங்கிதான். வேறுபாடு ஒன்றே ஒன்று. வீட்டுக்கென்று ஒரு சட்டம் இருந்தது, வங்கிக்கு அது இல்லை. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு தனிச்சட்டம் அந்த வீட்டைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, அதற்குப் பணம் ஒதுக்கி, அதன் பயனையும் வரையறுத்தது. பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் பொதுச்சட்டம் அந்த நாட்டில் உருவாவதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாக முந்தியது இது. பட்டியலில் ஏற்றுவது மட்டும் எந்தக் கட்டடத்தையும் காத்துவிடாது. பொறுப்பாளர், பணம், பயன் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வீடு தலைமுறைகளைக் கடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதை விளங்கிக்கொள்ள, காக்கப்பட்டது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சோன் 1753-இல் தேம்ஸ் நதிக்கரை ஊரான கோரிங்கில், கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஜார்ஜ் டான்ஸ், ஹென்றி ஹாலண்ட் ஆகிய இருவரின் அலுவலகங்களில் தொழில் கற்று, ராயல் அகாதமி என்ற கலைக்கழகத்தின் பள்ளியில் படித்து, 1776-இல் அதன் தங்கப் பதக்கம் வென்றார். மன்னரின் உதவித்தொகையில் 1778-இல் இத்தாலி சென்று இரண்டாண்டுகள் தங்கினார். பழைய ரோமின் இடிபாடுகளைச் செதுக்கோவியங்களாக்கிய பிராநேசியை ரோமில் சந்தித்தார். 1784-இல் எலிசா ஸ்மித்தை மணந்தார். எலிசாவின் மாமா ஜார்ஜ் வையட் செல்வம் மிக்க கட்டட ஒப்பந்தக்காரர். 1790-இல் அவர் இறந்தபோது அந்தச் செல்வம் இவர்களிடம் வந்தது. அந்தப் பணத்தில்தான் சோன் 1792-இல் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் 12-ஆம் எண் வீட்டை வாங்கி, இடித்துக் கட்டி, குடும்பத்தோடு குடியேறினார். 1807-இல் பக்கத்திலிருந்த 13-ஆம் எண்ணை வாங்கினார். அதன் பின்பகுதியில் முதலில் அலுவலகம் கட்டி, 1812-லும் 1813-லும் முன்வீட்டையும் புதிதாக எழுப்பினார். 1823-இல் 14-ஆம் எண்ணும் அவர் கைக்கு வந்தது. மூன்று மனைகள், முப்பதாண்டுக்கும் மேற்பட்ட இடையறாத கட்டுவேலை. செங்கல் சுமந்தவர் வீட்டுப் பிள்ளை கட்டிய இந்த வீடு அவர் தொழிலின் சோதனைச்சாலையாகவே இருந்தது.

லண்டன் நகர வீட்டின் இலக்கணம் அன்று மிகக் கறாரானது. மனை குறுகலானது, ஆழமானது. இரு பக்கமும் பொதுச்சுவர். வெளிச்சம் வர முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே வழி. 1666-இன் பெருந்தீயை மறக்காத நகரம் தீ பரவாமலிருக்கச் சட்டம் மேல் சட்டம் போட்டது. அவற்றுள் மிகக் கடுமையானது 1774-ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம். வீடுகளை அது தரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் சுவரின் தடிப்பை விதித்தது. பொதுச்சுவர்களைத் தடிப்பாகக் கட்டச் சொன்னது. முகப்பில் மரவேலை வெளியே தெரிவதையும் சுவர் துருத்துவதையும் கட்டுப்படுத்தியது. அந்தச் சட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவர் சோனின் ஆசான் ஜார்ஜ் டான்ஸ். இதன் விளைவாக லண்டன் தெருக்களுக்கு ஒரே சீரான, தட்டையான செங்கல் முகம் வாய்த்தது. வீட்டின் நடுப்பகுதி இருண்டுபோனது. நம் ஊரில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு முற்றம் தந்த வானத்தை, மழையும் குளிரும் மிகுந்த லண்டனில் அப்படியே திறந்துவைக்க இயலாது. அந்த நடு இருளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குச் சோன் தந்த விடைதான் 13-ஆம் எண் வீடு.

முகப்பில் அவர் சட்டத்தோடு நேரடியாகவே மோதினார். செங்கல் சுவருக்கு முன்னால் வெண்மையான போர்ட்லண்ட் கல்லில் மூன்று அடுக்கு வளைவுத் தாழ்வாரம் ஒன்றைத் துருத்திக் கட்டினார். வட்டாரக் கட்டட ஆய்வாளர் வில்லியம் கின்னார்ட் 1812-இல் இது கட்டடச் சட்டத்தை மீறிய துருத்தல் என்று வழக்குத் தொடுத்தார். நிலம் தமக்குச் சொந்தமானது என்று சோன் வாதாடினார், வழக்கு அவர் பக்கமே முடிந்தது. அந்தத் தாழ்வாரங்கள் முதலில் திறந்தே இருந்தன; பிற்காலத்தில் சோனே அவற்றுக்குக் கண்ணாடி போட்டு அறைகளோடு சேர்த்துக்கொண்டார். முகப்பின் மேற்பகுதியில் கோட் கல் எனப்படும் சுட்ட செயற்கைக் கல்லில் வார்த்த இரு பெண்ணுருவங்கள் நிற்கின்றன. ஏதென்ஸின் எரெக்தியோன் கோயிலில் தூண்களாய் நிற்கும் மங்கையரை ஒத்தவை அவை. தூண்களின் நடுவே பதித்த, இடைக்காலக் கோத்திக் பாணிக் கற்கள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலிருந்து வந்தவை. கிரேக்கமும் கோத்திக்கும் ஒரே சுவரில் அமர்வதை அன்றைய ரசனை ஒப்பவில்லை. ஆனால் உள்ளே போகிறவருக்கு முகப்பு முன்னுரை மட்டுமே என்பது விரைவில் விளங்கும்.

வீட்டின் உயிர் பின்பகுதியில் இருக்கிறது. நகர வீடுகளின் பின்புறம் குதிரைக் கொட்டிலும் முற்றவெளியுமாகக் கிடந்த இடத்தைச் சோன் மூன்று மனைகளின் அகலத்துக்கும் விரித்து, கூரையைப் பிளந்து, கண்ணாடி போட்டார். பக்கச் சுவரில் சாளரம் வைக்க வழியில்லை என்ற தடை, மேலிருந்து ஒளியை இறக்கும் கலையாக மாறியது. இந்தக் கலையை அவர் வங்கியில் கற்றார். பாதுகாப்புக்காக வெளிச்சுவரில் சாளரமே இல்லாத அந்தக் கட்டடத்தில் மண்டபங்களுக்கு வெளிச்சம் கூரை வழியாகவே வர வேண்டியிருந்தது. 1811-இல் வடிவமைத்த டல்விச் ஓவியக்கூடத்திலும் அதே முறையைக் கையாண்டார். வீட்டிலோ அதை மிக நுணுக்கமாக்கினார். சில கூரைக் கண்ணாடிகளுக்கு மஞ்சள் நிறம் தந்தார். லண்டனின் சாம்பல் நிற வானத்திலிருந்து இறங்கும் ஒளி, இத்தாலியின் பிற்பகல் வெயிலைப் போலச் சிலைகள்மீது விழுந்தது. மாணவர்கள் வரைந்து பழகிய மாடி அறையைச் சுவர்களிலிருந்து விலக்கித் தூண்கள்மீது நிறுத்தினார். அதனால் அறைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து வழியாக ஒளி கீழ்த்தளம்வரை இறங்குகிறது.

காலையுணவு அறை இந்தக் கலையின் உச்சம். சிறிய அறைதான். அதன் நடுவே நான்கு முனைகளில் மட்டும் ஊன்றிய ஆழமற்ற குவிமாடம், காற்றில் விரித்த கூடாரத் துணிபோல் தொங்குகிறது. உச்சியில் எண்கோண ஒளிக்கூண்டு. குவிமாடம் சுவர்வரை போகவில்லை. அதற்கு அப்பால் இரு பக்கமும் மறைவான கூரைக் கண்ணாடிகளிலிருந்து ஒளி சுவரோடு வழிகிறது. விளக்கு எங்கே என்று தெரியாமல் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மாடத்தின் மூலைகளில் பதித்த குவியாடிகள் அறை முழுவதையும் சிறு வட்டங்களுக்குள் மடக்கிக் காட்டுகின்றன. முன்பக்கத்து நூலகமும் உணவறையும் பாம்பேயி நகரத்துச் சுவர்களை நினைவூட்டும் ஆழ்ந்த சிவப்பில் பூசப்பட்டவை. புத்தக அலமாரிகளுக்கு மேலும் சாளரங்களுக்கு இடையிலும் கண்ணாடிகள் வைத்து, அறை சுவரோடு முடிவதில்லை என்று கண்ணை நம்பவைத்தார் அவர். வீடு முழுவதும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாளரத்தையும் ஒரு குறிப்பிட்ட பார்வைக் கோட்டையும் கணக்கிட்டு வைக்கப்பட்டது. ஒன்றை எடுத்தால் அறை சுருங்கிவிடும்.

பொருள்களும் அப்படியே. பின்பகுதியின் நடுவில் மூன்று தளங்களை ஊடுருவும் குவிமாடக் கூடத்தில் அப்போலோ பெல்வதேர் சிலையின் வார்ப்பும், ரோமானியத் தூண்துண்டுகளும், சாம்பல் தாழிகளும் தரையிலிருந்து கூரைவரை அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அடியில், நிலவறையில், எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பேழை கிடக்கிறது. 1824-இல் கட்டிய ஓவிய அறை சுமார் 4 மீட்டர் நீள அகலமே உள்ளது. ஆனால் அதன் சுவர்கள் கீல் வைத்த கதவுகள். ஒன்றைத் திறந்தால் பின்னால் இன்னொரு சுவர், அதிலும் ஓவியங்கள். இந்த முறையால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்தச் சிற்றறையில் அடங்கின. வில்லியம் ஹோகார்த் வரைந்த, தறிகெட்டுப்போன இளைஞன் ஒருவனின் கதையைச் சொல்லும் 8 ஓவியங்களும் இங்கே உள்ளன. 1802-இல் 570 கினிக்கு வாங்கியவை அவை. தெற்குச் சுவரின் கதவுகளை முழுக்கத் திறந்தால் சுவரே மறைந்து, கீழே உள்ள, துறவியின் கூடம் என்று பெயர்பெற்ற அறை கண்ணில் படுகிறது. இவற்றைத் தனித்தனியே எடுத்து வேறொரு காட்சியகத்தில் வைத்தால் ஓவியம் ஓவியமாகவே இருக்கும், சிலை சிலையாகவே இருக்கும். இழப்பு வீட்டுக்குத்தான். சோனின் படைப்பு இந்த அடுக்குமுறையிலேயே அடங்கியிருக்கிறது.

இத்தனையும் ஒரு செல்வந்தரின் பொருளாசை என்று சொல்வோர் உண்டு. ஆசை இருந்தது உண்மை. ஆனால் அதற்கு ஒரு நோக்கம் இருந்ததைச் சான்றுகள் காட்டுகின்றன. 1806-இல் ராயல் அகாதமியின் கட்டடக் கலைப் பேராசிரியராகச் சோன் அமர்ந்தார். பிரான்சோடு நடந்த போரால் ஆங்கில இளைஞர்கள் இத்தாலி செல்லும் வழி பல ஆண்டுகள் அடைபட்டிருந்த காலம் அது. தாம் 25 வயதில் ரோமில் கண்ணாரக் கண்டதைப் பார்க்க வழியில்லாத மாணவர்களுக்காக, வார்ப்புகளையும் மாதிரிகளையும் வரைபடங்களையும் வீட்டில் சேர்த்தார். தம் விரிவுரைக்கு முந்திய நாளும் மறுநாளும் மாணவர்களுக்கு வீட்டைத் திறந்துவைத்தார். 1833-இல், தமக்கு 80 வயது நெருங்கிய வேளையில், ராபர்ட் ஆடம், ஜேம்ஸ் ஆடம் சகோதரர்களின் அலுவலக வரைபடங்கள் சுமார் 9,000-ஐ 200 பவுண்டுக்கு வாங்கினார். வீட்டு அலங்காரத்துக்காக யாரும் 9,000 வரைபடங்கள் வாங்குவதில்லை. அது ஒரு பள்ளியின் சொத்து, பள்ளியாகத்தான் அந்த வீட்டை அவர் எண்ணினார்.

அந்தப் பள்ளி தமக்குப் பின் நிலைக்குமா என்ற அச்சம் அவருக்கு ஏற்பட்டதற்குக் குடும்பக் காரணம் உண்டு. இரு மகன்களும் தம் தொழிலைத் தொடர வேண்டும் என்று விரும்பினார், இருவரும் தொடரவில்லை. இளையவர் ஜார்ஜ், 1815 செப்டம்பரில் ஓர் இதழில் பெயரிடாமல் எழுதிய இரு கட்டுரைகளில் தந்தையின் கட்டடங்களைத் தாக்கினார். இந்த வீட்டையே தனக்குத்தானே எழுப்பிக்கொண்ட கல்லறை என்று பழித்தார். எழுதியவர் யார் என்று அறிந்த எலிசா அந்த ஆண்டு நவம்பரில் இறந்தார். அந்தச் சாவுக்குக் கட்டுரைகளே காரணம் என்று சோன் இறுதிவரை நம்பினார். மூத்த மகன் 1823-இல் இறந்தார். இனி வீடு சட்டப்படி யார் கைக்குப் போகும் என்பதில் ஐயமில்லை, அந்தக் கை அதைக் காக்காது என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. உயில் எழுதி அறப்பணிக்கு விடுவதும் எளிதாக இல்லை. நிலத்தையும் கட்டடத்தையும் உயில் வழியே அறக்கொடையாக விடுவதை 1736-ஆம் ஆண்டின் சட்டமொன்று தடுத்திருந்தது. எனவே நாடாளுமன்றத்தையே நாடினார்.

1833 ஏப்ரலில் நிறைவேறிய அந்தத் தனிச்சட்டத்தின் அமைப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும், நம் வாதத்தின் அச்சாணி அதுவே. முதலாவது, வீடும் அதிலுள்ள பொருள்களும் பொறுப்பாளர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்தக் குழுவில் ராயல் அகாதமி, ராயல் சொசைட்டி, பழம்பொருள் ஆய்வோர் கழகம் போன்ற நிலைத்த அமைப்புகளின் சார்பாளர்களுக்கு இடம் தரப்பட்டது. தனிமனிதர் மறைந்தாலும் அமைப்பு அடுத்தவரை அனுப்பும். இரண்டாவது, 30,000 பவுண்டு முதலீடும் 12-ஆம் எண் வீட்டின் வாடகையும் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டன. மூன்றாவது, ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வாரம் இரு நாள் வீடு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஓவியம், சிற்பம், கட்டடக் கலை பயில்வோருக்குப் பயன்பட வேண்டும். நான்காவது, சோன் இறக்கும்போது உள்ள நிலையிலேயே, முடிந்த அளவு, வைக்கப்பட வேண்டும். இடிக்காதே என்று தடுப்பதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. யார் பார்த்துக்கொள்வது, எந்தப் பணத்தில், யாருக்காக என்ற கேள்விகள் மூன்றுக்கும் விடை சொன்னது. சோன் 1837 ஜனவரி 20 அன்று அதே வீட்டில் இறந்தார், அன்றே சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டமில்லாமலும் இந்த வீடு பிழைத்திருக்கும், அதன் சிறப்பே அதைக் காத்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். அதே நகரத்தில், அதே காலத்தில் நடந்தது அதற்கு எதிர்ச்சாட்சி. டச்சஸ் தெருவில் தாமஸ் ஹோப் என்ற செல்வந்தர் தம் நகர வீட்டை எகிப்திய அறை, சிலைக்கூடம், கிரேக்கத் தாழிகளுக்கான அறைகள் என்று வடிவமைத்து, 1804-இலேயே பார்வையாளருக்குத் திறந்துவிட்டார். அதன் அறைகலன்களைப் பற்றி 1807-இல் அவர் வெளியிட்ட நூல் ஒரு தலைமுறையின் ரசனையையே மாற்றியது. அந்த வீடு 1851-இல் இடிக்கப்பட்டது. தொகுப்பு பிற்காலத்தில் ஏலத்தில் சிதறியது. சார்லஸ் டவுன்லி தம் லண்டன் வீட்டில் வைத்திருந்த சிலைகளை அவர் இறந்தபின் 1805-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. சிலைகள் பிழைத்தன, அவற்றை வைத்திருந்த உணவறையின் கோலம் போய்விட்டது. சோனின் பிற கட்டடங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. வெஸ்ட்மின்ஸ்டரில் அவர் கட்டிய நீதிமன்றங்கள் 1883-இல் இடிக்கப்பட்டன. வங்கியில் நடந்ததை முன்பே கண்டோம். அங்கே வெளிமதிலை விட்டுவைத்ததைச் சலுகையாகக் காட்டினார்கள். உள்ளொளியால் வாழ்ந்த ஒரு கலைஞரின் கட்டடத்தில் தோலை வைத்துக்கொண்டு உயிரை எடுத்த செயல் அது.

இன்னொரு மறுப்பு இன்னும் ஆழமானது. வாழ்நாள் முழுவதும் இடித்தும் கட்டியும் மாற்றியும் வந்த ஒருவரின் வீட்டை ஒரு தேதியில் உறையவைப்பது அவருடைய இயல்புக்கே முரணல்லவா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றும் உரிமை படைத்தவருக்கு இருந்தது. அவருக்குப் பின் வருவோர் செய்யும் மாற்றம் அவருடைய மாற்றமாகாது. பொறுப்பாளர்களே இதில் வழுவிய காலம் உண்டு. இரண்டாம் தளத்தில் சோனின் படுக்கையறையும் கட்டட மாதிரிகளை வைத்திருந்த அறையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கலைக்கப்பட்டு, குடியிருப்பாகவும் அலுவலகமாகவும் மாறின. நூற்றாண்டின் இறுதியில் காப்பாளராயிருந்த ஜேம்ஸ் வைல்ட் பின்பகுதியில் சுவர்களையும் வழிகளையும் மாற்றினார். இருந்தும் சட்டத்தின் அந்த விதி அளவுகோலாக நின்றதால், போனதை மீட்க வேண்டும் என்ற கடமையும் நின்றது. 1945 முதல் 1984 வரை காப்பாளராயிருந்த ஜான் சம்மர்சனும் பின்வந்தோரும் சோனின் மாணவர்கள் வரைந்த நீர்வண்ணப் படங்களையும் 1837-ஆம் ஆண்டின் பொருட்பட்டியல்களையும் கொண்டு அறை அறையாகத் திருத்தினர். 2011-இல் தொடங்கிய சுமார் 7 மில்லியன் பவுண்டுத் திட்டத்தில் மாதிரி அறையும் படுக்கையறையும் மீண்டும் உருப்பெற்றுத் திறக்கப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு தவற்றைத் திருத்த முடிந்தது, திருத்துவதற்கான அளவு எழுத்தில் இருந்ததால்.

மகனுக்கு இழைத்த அநீதி என்ற குற்றச்சாட்டு 1833-இலேயே நாடாளுமன்றத்தில் எழுந்தது. ஜார்ஜ் சோன் மசோதாவை எதிர்த்து மனுக் கொடுத்தார். ஏழைகளின் வழக்கறிஞர் என்று பெயர்பெற்ற வில்லியம் கோபெட் அவருக்காகப் பேசினார். வாரிசின் சோற்றைப் பறித்துக் கல்லுக்குப் படைப்பதா என்பதே அந்த வாதத்தின் சாரம். இதை லேசாக ஒதுக்க இயலாது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பகை இந்தச் சட்டத்தின் பிறப்பில் கலந்திருக்கிறது. ஆயினும் தம் உடைமையைத் தம் விருப்பப்படி கொடுக்கும் உரிமையை நாடாளுமன்றமே அவருக்குத் தந்தது. கொடைக்கான காரணத்தில் கசப்பு இருந்தாலும் கொடையின் பயன் பொதுவானது. வீடு ஜார்ஜுக்குப் போயிருந்தால் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயிருக்கும், அங்கிருந்து ஏலத்துக்குப் போயிருக்கும். ஒரு குடும்பத்தின் காயத்தைவிட, கட்டணமின்றி அங்கே படித்த பல தலைமுறை மாணவர்களின் பேறு எடையில் கூடியது.

சேத்தியின் பேழையைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவு எளிதான விடை இல்லை. ஜியோவன்னி பெல்சோனி 1817-இல் மன்னர்களின் பள்ளத்தாக்கில் அந்தக் கல்லறையைக் கண்டார். பேழை பிரிட்டிஷ் தூதர் ஹென்றி சால்ட்டின் வழியாக லண்டன் வந்தது. 2,000 பவுண்டு அதிகம் என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மறுத்தது; 1824-இல் அதே விலைக்குச் சோன் வாங்கி, வீட்டின் பின்சுவரை உடைத்து உள்ளே இறக்கினார். 1825 மார்ச்சில் மூன்று இரவுகள் விளக்கேற்றி நூற்றுக்கணக்கான விருந்தினரை அழைத்துக் காட்டினார். எகிப்து மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வீட்டை அப்படியே காக்கும் சட்டம், வேறொரு நாட்டின் மன்னரைப் புதைத்த இடத்திலிருந்து பெயர்த்துவந்ததையும் சேர்த்தே காக்கிறது என்பது அதன் குறைதான். அதை மறைக்கத் தேவையில்லை. பேழை யாருக்குரியது என்ற வழக்கு இரு நாடுகள் பேசித் தீர்க்க வேண்டியது. அது திரும்பிப் போனாலும் அந்தக் கூடமும் மேலிருந்து இறங்கும் ஒளியும் அதன் கணக்கும் சோனுடையவையாகவே இருக்கும். கட்டடத்தைக் காக்கும் வாதம் பேழையை நம்பி நிற்கவில்லை.

இறுதியாக, இன்று பட்டியல் இருக்கிறதே, இனித் தனிச்சட்டம் எதற்கு என்ற கேள்வி. பிரிட்டனில் 1882-இல் வந்த முதல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்திய கல்வட்டங்களையும் மேடுகளையும் பட்டியலிட்டது. மக்கள் குடியிருக்கும் வீடுகளை 1913-ஆம் ஆண்டுச் சட்டமும் தொடவில்லை. இரண்டாம் உலகப் போரில் நகரங்கள் குண்டுகளால் சிதைந்த பின்னரே, 1944, 1947 ஆண்டுகளின் திட்டமிடல் சட்டங்கள் வழியாகக் கட்டடப் பட்டியல் பிறந்தது. அது பெரிய முன்னேற்றம். எத்தனையோ தெருக்கள் அதனால் பிழைத்தன. ஆனாலும் 1837-இல் திறந்த யூஸ்டன் ரயில் நிலையத்தின் கல்வாயில் பட்டியலில் இருந்தும் 1961-இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. நிலக்கரிச் சந்தைக் கட்டடம் பட்டியலில் இருந்தும் 1962-இல் இடிக்கப்பட்டது. இரண்டுக்கும் தடை இருந்தது. பொறுப்பேற்க ஓர் அமைப்போ, ஒதுக்கிய பணமோ, தொடரும் பயனோ இல்லை. பயனற்றது என்ற சொல் வந்தவுடன் தடை தளர்ந்துவிடுகிறது.

சோனின் ஏற்பாடும் குறையற்றதாக இல்லை. 30,000 பவுண்டின் வட்டி விலைவாசி ஏற ஏறப் போதாமல் போயிற்று. 1947 முதல் அரசு மானியம் தேவைப்பட்டது. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1969-இல் புதிய ஆணை வந்தது, ஆனால் அதன் நோக்கத்தை மாற்றவில்லை. குடும்பத்துக்குப் போன 14-ஆம் எண் வீடு 1990-களில்தான் அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது. இந்தத் தடுமாற்றங்களும் அதே உண்மையை உறுதிப்படுத்துகின்றன: பணம் குறைந்தபோது பொறுப்பாளர்கள் இருந்தார்கள், வழி தேடினார்கள், தேட வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. ஒரு பழைய வீட்டைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்துப் பலகை மாட்டும் செய்தியைப் படிக்கும்போது மகிழ்வதில் தவறில்லை. அதோடு மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும்: அதற்குப் பொறுப்பு யார், ஆண்டுதோறும் கூரையைச் செப்பனிடப் பணம் எங்கிருந்து வரும், அந்த வீடு நாளை யாருக்குப் பயன்படும்? மூன்றுக்கும் எழுத்தில் விடை இருந்தால் அந்த வீடு நிற்கும். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், அதை இப்போதே கேட்டு வாங்குவது அதை நேசிப்பவர்களின் கடமை.